சிறு விமானமும் ஒரு பிள்ளையின் சம்மதமும்

தன்னுடைய உயிரை ஆபத்துக்குள்ளாக்க ஒரு மனிதனுக்கு எவ்வளவு உரிமை இருக்கின்றது என்பது பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கின்றது. மலையேறுபவன், சங்கு குளிப்பவன், யுத்த களத்துக்குச் செய்தி சேகரிக்கப் போகின்றவன் என்று பலரும் அந்த விவாதத்துக்குள் வந்து போயிருக்கிறார்கள். ஆனால் நம்மீது வைத்த நம்பிக்கையினாலேயே நம்மோடு வரச் சம்மதிக்கின்ற இன்னொருவரின் உயிரை நாம் எவ்வளவு தூரம் கொண்டு போகலாம் என்பது வேறொரு கேள்வி. அந்த இன்னொருவர் ஒன்பது வயதுப் பிள்ளையாக இருந்துவிட்டால் கேள்வி இன்னும் சிக்கலாகிவிடுகிறது. பிள்ளை சொல்லும் ‘ஓம்’ என்பது சம்மதம்தானா? அல்லது சம்மதத்தின் இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கின்ற அன்பா?

தனிமனித சுதந்திரத்துக்காக அத்தனை உரத்துப் பேசிய ஜோன் ஸ்டுவர்ட் மில்கூட 1859இல் தனது நூலில் இந்தக் கதவைச் சாத்திவிட்டுத்தான் உள்ளே போகிறார். தன் கோட்பாடு முதிர்ச்சியடைந்த மனிதர்களுக்கே உரியது, பிள்ளைகளுக்கல்ல என்கிறார். பிள்ளைகளின் விடயத்தில் பெரியவர்கள் முடிவெடுப்பார்கள். சரி, எந்தப் பெரியவர்? எதை வைத்து? அது பற்றி அவரிடம் அதிகம் இல்லை.

2025 ஏப்ரல் விடுமுறையில் என்னுடைய பேத்தியை இரத்மலானையிலிருந்து ஒரு சிறு விமானத்தில் ஏற்றிச் செல்ல நான் விரும்பினேன். விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் இடமொன்றில் அரை மணித்தியாலம் மேலே கொண்டு போய்க் காட்டிவிட்டு வருவார்கள். ஒற்றை எஞ்சின், நான்கு இருக்கைகள். கட்டுநாயக்கவில் ஏறும் பெரிய விமானத்தில் அவள் இன்னும் போனதில்லை. ஆகவே அதுதான் அவளது முதற்பறப்பாக இருக்கப் போகின்றது. என் மகள் தெஹிவளையில் இருக்கிறாள். அவளிடம் இதைச் சொன்னபோது அவள் மறுக்கவுமில்லை, சம்மதிக்கவுமில்லை. ஒன்றைத்தான் கேட்டாள்:

“வாப்பா, ஆச உங்களுக்கா, அவளுக்கா?”

நாற்பது வருடம் ஆசிரியத் தொழில் பார்த்தவனுக்கு ஒரு கேள்வியின் தரம் விளங்கும். இது நல்ல கேள்வி. இதற்கு உடனடியாக விடை சொல்லக்கூடியவன் ஒன்றில் தன்னை ஏமாற்றுகிறான், இல்லாவிட்டால் கேள்வியைச் சரியாகக் கேட்கவில்லை.

அந்த ஆசை எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. கிழக்கில் வாழ்ந்த எங்களுக்கு ஆகாயம் என்பது நீண்ட காலமாகப் பார்ப்பதற்கான ஒன்றாக இருக்கவில்லை. அது காது கொடுத்துக் கேட்பதற்கான ஒன்று. 1990இல் என் மகளுக்கு ஏழு வயது. ஹெலியின் சத்தம் தூரத்தில் கேட்கும்போதே கட்டிலுக்குக் கீழே போய்விடுவாள். யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அது யாரைத் தேடி வருகின்றது, எங்கே சுடப்போகின்றது என்பதெல்லாம் அந்த வயதுக்கு விளங்காது. மேலே ஒன்று சத்தமிட்டால் கீழே ஒளிய வேண்டும் என்பது மட்டும் விளங்கும். பின்னர் 1998 செப்டெம்பர் 29ஆம் திகதி பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட அன்டனோவ் 24 ரக விமானம் மன்னார்க் கடலுக்கு மேலாக வீழ்த்தப்பட்டு அதிலிருந்த 55 பேரும் மாண்டு போனார்கள். தரைப்பாதை மூடப்பட்டிருந்ததால் வேறு வழியின்றி ஏறிய சாதாரண சனங்கள்தான் அவர்களில் பெரும்பாலானோர். அதன் பிறகு ஆகாய வழி என்பதும் நம்பகமானதல்ல என்றாகிப் போயிற்று. என் தலைமுறைக்கும் என் மகளின் தலைமுறைக்கும் விமானம் என்ற சொல்லுக்குள் இவையெல்லாம் இருக்கின்றன. பேத்திக்கு அந்தச் சொல்லுக்குள் ஒன்றுமே இல்லை. அது வெறுமையாக இருக்கின்றது. அந்த வெறுமையில் முதலாவதாக வைக்கப்படுவது ஒரு நல்ல காலை நேரமாக இருக்க வேண்டுமென்று நான் ஆசைப்பட்டேன்.

கேட்பதற்கு அழகான ஆசைதான். ஆனால் மகளின் கேள்வி இங்கேதான் குத்துகிறது. இது பேத்திக்காகச் செய்யும் காரியமா, அல்லது என்னுடைய பழைய ஆகாயத்தைத் திருத்தி எழுதுவதற்கு அவளைப் பேனாவாகப் பிடிக்கும் காரியமா? நமது காயத்துக்குப் பிள்ளைகளை மருந்தாக்குவது நமது சமூகத்தில் சாதாரணமாக நடக்கின்ற ஒன்று. டொக்டராக முடியாமற்போன வாப்பா மகனை உயிரியல் பிரிவில் கொண்டு போய்ச் சேர்க்கிறார். படிக்க விடப்படாத உம்மா மகளின் மேசை விளக்கை இரவு பன்னிரண்டு வரை அணைக்க விடமாட்டா. அவற்றில் உயிர் போவதில்லை என்பதால் நாம் அவற்றைக் கேள்விக்குட்படுத்துவதில்லை.

உயிர் போன ஒரு சம்பவம் உண்டு. 1996 ஏப்ரலில் ஜெசிக்கா டுப்ரொஃப் என்ற ஏழு வயதுச் சிறுமி அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரை வரை விமானம் ஓட்டிச் செல்லப் புறப்பட்டாள். செஸ்னா 177 ரகச் சிறு விமானம். பக்கத்தில் பயிற்றுவிப்பாளர், பின்னால் தந்தை. தொலைக்காட்சிகளும் பத்திரிகைகளும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் காத்திருந்தன. மிக இளைய விமானி என்ற சாதனைப் பிரிவையே கின்னஸ் நூலினர் அதற்குப் பல ஆண்டுகள் முன்பு கைவிட்டிருந்தார்கள். பிள்ளைகளை இதற்குத் தூண்டக் கூடாதென்பதுதான் காரணம். இருந்தும் பயணம் தொடர்ந்தது. இரண்டாம் நாள், ஏப்ரல் 11ஆம் திகதி காலை, வயோமிங் மாநிலத்தின் ஷெயன் நகரில் இடிமழை இறங்கிக்கொண்டிருந்தபோது அந்த விமானம் கிளம்பியது. சற்று நேரத்தில் விழுந்தது. மூவரும் இறந்தனர். விசாரணை செய்தவர்களின் முடிவு தெளிவானது. விமானம் அனுமதிக்கப்பட்ட எடையை விடக் கூடுதலாகப் பாரம் ஏற்றியிருந்தது. உயரமான அந்த இடத்தில் காற்று ஐதாக இருந்தது. வானிலை கெட்டுக்கொண்டு வந்தது. அவ்வாறிருக்கக் கிளம்ப முடிவெடுத்தவர் பயிற்றுவிப்பாளர். அந்த முடிவுக்குப் பின்னால், ஊடகங்களுக்குக் கொடுத்த வாக்கும் நெருக்கமான பயண அட்டவணையும் இருந்தன. அதே ஆண்டில் அமெரிக்காவில் இதற்கெதிராகச் சட்டமும் வந்தது.

அந்தப் பிள்ளை பறக்க விரும்பவில்லை என்று யாராலும் சொல்ல முடியாது. அவள் விரும்பித்தான் இருந்தாள். அதுதான் இந்தச் சம்பவத்தின் கொடுமையே. பெரியவர்களின் ஆசைக்குள் பிறந்து வளர்கின்ற பிள்ளை அந்த ஆசையைத் தன்னுடையதாகவே உணர்கிறது. எந்த இடத்தில் தந்தையின் விருப்பம் முடிந்து மகளின் விருப்பம் தொடங்கியது என்று அளக்க எந்தக் கருவியும் இல்லை. ஆனால் இடிமழையைக் கண்டதும் “இன்று வேண்டாம்” என்று சொல்ல முடிந்ததா இல்லையா என்பதை அளக்கலாம். ஆசை யாருடையதாக இருந்தாலும் அதை ஒத்திப்போட முடியாமற் போகும் இடத்தில் அங்கே பிள்ளை இரண்டாம் இடத்துக்குப் போய்விட்டது என்று அர்த்தம்.

பறத்தலைப் பற்றிப் பேசும் முஸ்லிம் எழுத்தாளன் அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸைத் தொடாமல் விடுவதில்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் அந்தலூசியாவின் குர்துபா நகரில் இறக்கைகளைக் கட்டிக்கொண்டு குதித்துச் சற்றுத் தூரம் மிதந்து சென்று, இறங்கும்போது முதுகில் அடிபட்டுக்கொண்டவர். வால் வைக்க மறந்ததால்தான் அப்படி விழ நேர்ந்தது என்று பல நூற்றாண்டுகள் கழித்து எழுதிய அல்மக்கரீ குறிப்பிடுகிறார். ரைட் சகோதரர்களுக்கு ஆயிரம் வருடங்களுக்கு முன்பே நாங்கள் பறந்துவிட்டோம் என்று மேடைகளில் முழங்குவதற்கு அவர் நமக்கு வேண்டியிருக்கிறார். எனக்கு அந்தப் பெருமையில் பெரிய நாட்டமில்லை. எனக்குப் பிடித்தது வேறு. அவர் அப்போது அறுபதைத் தாண்டியவர். கிட்டத்தட்ட என் வயதுக்காரர். ஆசைப்பட்டார், தன் முதுகைத்தான் பணயம் வைத்தார். கூடவே எவரையும் கட்டிக்கொண்டு குதித்ததாக வரலாறு சொல்லவில்லை.

இயந்திர விமானம் வந்த பின்னர்தான் ‘கூட வருபவர்’ என்ற பாத்திரம் உருவாகின்றது. 1908 செப்டெம்பர் 17ஆம் திகதி வேர்ஜினியாவில் ஓர்வில் ரைட் ஓட்டிய விமானத்தின் சுழலி முறிந்து அது விழுந்தது. ஓர்வில் படுகாயத்தோடு பிழைத்தார். கூட வந்த இராணுவ அதிகாரி தோமஸ் செல்ஃப்ரிட்ஜ் இறந்து போனார். இயந்திர விமான விபத்தொன்றில் இறந்த முதல் மனிதர் ஓட்டியவரல்ல, கூட வந்தவர். இது வெறும் தற்செயல்தான். ஆனாலும் அந்த முதலாவது பெயர் ஒரு பயணியின் பெயராக இருப்பது என்னை உறுத்துகின்றது.

இவ்விடத்தில் ஒருவர் இடைமறிக்கலாம்: இதெல்லாம் அந்தக் காலம், இப்போது விமானம் வீதியை விடப் பாதுகாப்பானது அல்லவா? இந்த வாதத்தை நானும் மகளிடம் சொல்லிப் பார்த்திருக்கலாம். சொல்லவில்லை, ஏனென்றால் அது அரைகுறையான உண்மை. நூற்றுக்கணக்கானோரை ஏற்றிச் செல்லும் பெரிய விமானங்களுக்கு அது பொருந்தும். சிறு விமானங்களின் கதை வேறு. அமெரிக்காவில் தனியார் சிறு விமானப் பறப்புகளில் ஏறத்தாழ ஒரு இலட்சம் மணித்தியாலங்களுக்கு ஒன்று என்ற அளவில் உயிர் பறிக்கும் விபத்துகள் நிகழ்கின்றன. அதை மோட்டார் சைக்கிளோடு ஒப்பிடலாமே தவிர பெரிய ஜெட் விமானத்தோடு ஒப்பிட முடியாது. அரை மணி நேரப் பறப்பு என்றால் இரண்டு இலட்சத்தில் ஒன்று என்று கணக்கு வரும். நல்ல வானிலை, தொழில்முறை விமானி, கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் ஓடுபாதை என்றால் அதைவிடக் குறையலாம்.

இதற்கு எதிரே நாம் தினமும் செய்வதை வைத்துப் பார்க்க வேண்டும். இலங்கையில் வருடமொன்றுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வீதி விபத்துகளில் இறக்கிறார்கள். எங்களது ஊர்ப் பிரதான வீதியில் ஒரு மோட்டார் சைக்கிளில் வாப்பா, உம்மா, நடுவில் ஒரு பிள்ளை, பெற்றோல் டாங்கியின் மேல் இன்னொரு பிள்ளை என்று நான்கு பேர் போவதை நாளாந்தம் பார்க்கிறோம். ஹெல்மெட் இருந்தால் அது வாப்பாவின் தலையில் இருக்கும். யாரும் அந்த வாப்பாவிடம் தார்மீகக் கேள்வி கேட்பதில்லை. பழகிப் போன ஆபத்து ஆபத்தாகத் தெரிவதில்லை. பழக்கமில்லாத இன்பம்தான் ஆபத்தாகத் தெரிகின்றது. பள்ளிக்கூடத்துக்குப் போவது தேவை, பறப்பது ஆடம்பரம் என்று இதற்கு ஒரு விளக்கம் சொல்லலாம். ஓரளவு நியாயமான விளக்கம்தான். ஆனால் நாம் அந்த நான்கு பேரில் போவது பள்ளிக்கூடத்துக்கு மட்டுமல்ல, ஐஸ்கிறீம் குடிக்கவும்தான்.

கணக்கு எவ்வளவு ஆபத்து என்று சொல்லும். யாருக்காக என்று சொல்லாது. மகளின் கேள்வி இரண்டாவதைப் பற்றியது.

நான் இரண்டு காரியங்கள் செய்தேன். முதலாவது, பேத்தியைக் கூட்டிப் போகாமல் ஒரு நாள் தனியாக இரத்மலானைக்குப் போய் அந்த விமானத்தையும் அதை ஓட்டுபவரையும் பார்த்துவிட்டு வந்தேன். விமானி முப்பது வயதைக் கூடத் தாண்டாத இளைஞர், காலியைச் சேர்ந்த சிங்களவர். அவர் பறப்புக்கு முன்னால் செய்யும் வேலைகளை நின்று பார்க்க அனுமதித்தார். விமானத்தைச் சுற்றி நடந்து ஒவ்வொரு பாகத்தையும் கையால் அசைத்துப் பார்க்கிறார். இறக்கைக்குள் இருக்கும் எரிபொருள் தாங்கியிலிருந்து ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் கொஞ்சம் வடித்து வெளிச்சத்தில் பிடிக்கிறார். அந்த எரிபொருள் நீல நிறமானது. அதற்குள் தண்ணீர் கலந்திருந்தால் அடியில் குமிழாகத் தங்கிவிடும். அளவு காட்டும் முள்ளை நம்பாமல் தாங்கிக்குள் கோல் விட்டும் பார்க்கிறார். எஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு தீப்பொறிச் செருகிகள், அவற்றுக்குத் தனித்தனியே இரண்டு மெக்னீற்றோக்கள். கிளம்புமுன் ஒன்றை நிறுத்தி மற்றதில் ஓடுகின்றதா என்று பார்ப்பார், பிறகு அதை நிறுத்தி இதில் ஓடுகின்றதா என்று பார்ப்பார். எனது எடையைக் கேட்டார். சொன்னேன். “தராசில் ஏறுங்கள்” என்றார். எனது சொல்லை நம்பவில்லை என்பதில் எனக்குக் கோபம் வரவில்லை. ஒட்டகத்தைக் கட்டிய பிறகே தவக்குல் என்று பிள்ளைகளுக்கு வருடக்கணக்காகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். கட்டுவதென்றால் எத்தனை முடிச்சு என்பதை அன்றுதான் பார்த்தேன்.

முதலில் குறித்த நாளில் நாங்கள் பறக்கவில்லை. ஏப்ரல் மாதப் பின்னேரங்களில் உள்நாட்டுப் பக்கம் முகில் எழும்பி இடி இறங்குவது வழமை. இரண்டு மணிக்கே கிழக்குப் பக்கம் கறுத்துவிட்டது. விமானி வெளியே வந்து பார்த்துவிட்டு, இன்று வேண்டாம், வேறொரு நாள் காலையில் வாருங்கள் என்றார். பேத்தியின் முகம் வாடிப் போயிற்று. எனக்கு அந்த மனிதர் மேல் முழு நம்பிக்கை பிறந்தது அந்த ‘வேண்டாம்’ என்ற சொல்லில்தான்.

இரண்டாவது காரியம் பேத்தியிடம் பேசியது. நபி இப்ராஹீமின் வரலாற்றில் எல்லோரும் அறுபட வேண்டிய கழுத்தையும் இறங்கி வந்த ஆட்டையும் பற்றித்தான் பேசுவார்கள். கனவைக் கண்ட தந்தை அதை மகனிடம் எடுத்துச் சொல்லி அவரது அபிப்பிராயத்தைக் கேட்டார் என்ற இடத்தில் நின்று பேசுபவர்கள் குறைவு. இறைவனின் கட்டளை என்று உறுதியாக இருந்தும் கேட்டார். கேட்காமலேயே கூட்டிச் சென்றிருக்கலாம், அந்தப் பிள்ளை கூட வந்திருக்கும். அதை இதனோடு ஒப்பிடுவது பொருத்தமில்லை என்று எனக்குத் தெரியும். அது வணக்கம், இது உல்லாசம். ஆனால் கேட்பது என்றால் என்ன என்பதை அங்கிருந்துதான் நான் எடுத்துக்கொண்டேன்: உள்ளதை மறைக்காமல் சொன்ன பிறகு கேட்பதுதான் கேட்பது. “பிளேன்ல போவோமா மகள்?” என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் துள்ளிக்கொண்டு வரும். அது கேள்வியே அல்ல.

மருமகனுக்கு இதில் உடன்பாடில்லை. சின்னப் பிள்ளையை ஏன் பயம் காட்ட வேண்டும் என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கின்றது. ஆனாலும் சொன்னேன். ஒற்றை எஞ்சின்தான், பெரிய பிளேன் மாதிரி இரண்டு இல்லை என்று சொன்னேன். அவள் யோசித்துவிட்டுக் கேட்டாள்:

“எஞ்சின் நின்டா என்ன நடக்கும் மூத்தாப்பா?”

கல்லு மாதிரி விழாது என்றேன். பட்டம் நூல் அறுந்தால் எப்படிச் சரிந்து சரிந்து வருமோ அப்படி வரும், ஆனால் அதைவிட ஒழுங்காக, விமானி சொல்கின்ற பக்கம் வரும். ஆயிரத்து ஐந்நூறு அடி உயரத்தில் நின்றுபோனால் ஏறத்தாழ நான்கு கிலோமீற்றர் தூரம் சறுக்கி வரலாம். அதற்குள் ஓடுபாதையோ, வெளியோ, கடற்கரையோ ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும். அதற்குத்தான் விமானிமார் திரும்பத் திரும்பப் பழகுகிறார்கள். அப்படியும் சில வேளை சரி வராமல் போகும் என்பதையும் சொன்னேன். எப்போதாவது ஒருமுறை. சொல்லும்போது என் தொண்டை கொஞ்சம் அடைத்தது உண்மை.

அவள் இரண்டு நாள் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. நான் திரும்பக் கேட்கவுமில்லை. மூன்றாம் நாள் காலையில் பாண் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள்: “நான் வாறேன். ஆனா தம்பிய அதே பிளேன்ல ஏத்த வாணாம். உம்மாக்கு ஒராளாவது இரிக்கணும்.”

நான்காவது இருக்கையில் ஆறு வயதுத் தம்பி வருவதென்பதுதான் எங்கள் ஏற்பாடாக இருந்தது. மகள் அடுப்படியில் நின்றாள். அவளுக்குக் கேட்டதா இல்லையா தெரியாது, குழாயை மூடவில்லை.

ரைட் சகோதரர்கள் தங்களுடைய தந்தை மில்டன் ரைட்டுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார்கள். இருவரும் ஒரே விமானத்தில் ஒருபோதும் ஏறுவதில்லை என்பது அந்த வாக்கு. ஒருவருக்கு ஏதும் நடந்தால் மற்றவர் வேலையைத் தொடர வேண்டும். தகப்பனுக்கும் ஒரு மகன் மிஞ்ச வேண்டும். 1910 மே 25ஆம் திகதி ஒரேயொரு தடவை மட்டும் தந்தையின் அனுமதியோடு இருவரும் சேர்ந்து பறந்தார்கள். அதே நாளில் ஓர்வில் தன் தந்தையையும் ஏற்றிக்கொண்டு மேலே போனார். பாதிரியாரான அந்தக் கிழவருக்கு அப்போது 81 வயது. அதுதான் அவருடைய முதற்பறப்பு. ஏழு நிமிடம் போல நீடித்தது. இன்னும் மேலே போ, இன்னும் மேலே போ என்று மகனை அவர் ஏவினாராம். அந்த வரலாற்றை நான் பேத்திக்கு ஒருபோதும் சொன்னதில்லை. நூறு வருடத்துக்கு முந்திய ஒரு குடும்பத்தின் கணக்கு ஒன்பது வயதுப் பிள்ளையின் மனதில் தானாக எழுந்திருக்கின்றது.

இதைக் கேட்ட பிறகு எனக்கு ஏற்பட்ட மனநிலையை வெற்றி என்று சொல்ல முடியாது. பிள்ளையின் ‘ஓம்’ இப்போது சம்மதம்தான் என்று உறுதியாயிற்று. ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. உம்மாவுக்கு ஒரு பிள்ளை மிஞ்ச வேண்டும் என்று கணக்குப் பார்க்கின்ற பிள்ளை இரண்டு நாட்களுக்கு முன்னிருந்த பிள்ளை அல்ல. சம்மதத்தைப் பெறுவதற்காக உண்மையைச் சொன்னோம். உண்மை அவளது இரவுகளில் எதையோ எடுத்துக்கொண்டது. மருமகன் சொன்னது இதைத்தான். இரண்டில் எது பெரிய தீங்கு? அறியாமல் ஏற்றிச் செல்வதா, அறிய வைத்து ஏற்றிச் செல்வதா? மூன்றாவது வழி ஒன்றிருக்கிறது, ஏற்றாமலே விடுவது. நம்மில் பெரும்பாலானோர் எடுப்பது அதைத்தான், அதுதான் பொறுப்பு என்றும் நினைக்கிறோம்.

போலந்து நாட்டு வைத்தியர் யானுஷ் கோர்ச்சாக் பிள்ளை வளர்ப்பைப் பற்றி எழுதியபோது பிள்ளையின் உரிமைகளில் முதலாவதாக வைத்தது அதிர்ச்சி தருவது: மரணத்துக்கான உரிமை. பிள்ளை சாக வேண்டும் என்பதல்ல அதன் கருத்து. மரணம் நம் கையிலிருந்து பிள்ளையைப் பறித்துவிடுமோ என்ற பயத்தில் நாமே அதனிடமிருந்து வாழ்க்கையைப் பறித்துவிடுகின்றோம் என்பதுதான். மரத்தில் ஏறாதே, ஆற்றில் இறங்காதே, ஓடாதே என்று காப்பாற்றிக் காப்பாற்றி, உயிரோடிருக்கும் ஆனால் எதையும் வாழ்ந்திராத ஒரு பிள்ளையை நாம் கையில் வைத்திருக்கிறோம். இதைச் சொல்ல அவருக்குத் தகுதி இருந்தது. வார்சோவில் அநாதை இல்லம் நடத்தியவர். 1942 ஓகஸ்டில் அந்தப் பிள்ளைகளை நாஜிகள் கொண்டு போனபோது, தப்பிக்கொள்ள வாய்ப்புகள் வந்தும் மறுத்து, அவர்களோடேயே திரெப்லிங்கா கொலை முகாமுக்குப் போனார். பிள்ளைகளின் உயிரை இலேசாக எடுத்தவர் அல்ல அவர்.

இருந்தும் கோர்ச்சாக்கை நான் முழுதாக என் பக்கம் இழுத்துக்கொள்ள விரும்பவில்லை. அவர் பேசியது பிள்ளை தானாகத் தேடிப் போகின்ற ஆபத்தைப் பற்றி. மரம் முற்றத்தில் நிற்கிறது, பிள்ளை ஏறுகின்றது. விமானம் முற்றத்தில் நிற்பதில்லை. அதை நான் கொண்டு வந்து காட்டினேன். எனவே தடுப்பவருக்கு இருக்கின்ற பொறுப்பை விடக் காட்டுபவருக்கு இருக்கின்ற பொறுப்பு கூடுதலானது என்றே படுகின்றது. அமெரிக்காவில் 1992 முதல் ஒரு திட்டம் இருக்கின்றது. சிறு விமானம் வைத்திருக்கும் தொண்டர்கள் 8 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளைக் கட்டணமில்லாமல் முதற்பறப்புக்கு ஏற்றிச் செல்கிறார்கள். இருபது இலட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் இவ்வாறு பறந்திருக்கிறார்கள். அங்கே பெற்றாரின் கையொப்பம் இல்லாமல் எந்தப் பிள்ளையையும் ஏற்றுவதில்லை. அது வெறும் காகித வேலை அல்ல. மூத்தாப்பாவோ, மாமாவோ, ஆசிரியரோ எவ்வளவு நேசித்தாலும், ஏதும் நடந்தால் மிச்சக் காலம் முழுவதும் அந்த இல்லாமையோடு வாழப் போகின்றவர் யார் என்பதை அது கேட்கின்றது. எனக்கு 69 வயது. என்னுடைய துக்கத்துக்கு அதிக காலம் இல்லை. மகளுக்கு இருக்கின்றது. பேத்தி என்னிடம் ஒரு அமானத். அமானத்தை வைத்திருப்பவன் அதைக் கொண்டு தன் விருப்பத்துக்கு வியாபாரம் செய்ய முடியாது. பேத்தி சம்மதித்த பின்னரும் மகள் வாயால் சொல்லும் வரை நான் காத்திருந்ததற்குக் காரணம் அதுதான். அவள் ஐந்து நாள் எடுத்தாள். “கூட்டிட்டுப் போங்க வாப்பா, நான் வரல்ல” என்று சொன்னாள்.

பறப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. காலை எட்டு மணி. கடற்பக்கமாகக் கிளம்பியது. காலி வீதியும் அதையடுத்து ரயில் பாதையும் கீழே போனதும் ஒரேயடியாகக் கடல். தரைக்கு மேலே இருந்த குலுக்கம் கடலுக்கு மேலே வந்ததும் அடங்கிவிட்டது. பாணந்துறைப் பக்கம் போய் பொல்கொடை வாவியைச் சுற்றித் திரும்பினோம். நான் மினாராக்களை எண்ணிக்கொண்டிருந்தேன். அவள் வீட்டுக் கூரைகளில் இருக்கும் தண்ணீர் டாங்கிகளைப் பார்த்துவிட்டு ஹெட்செட்டுக்குள் கத்தினாள்: “மூத்தாப்பா, எல்லா வீட்டு மேலயும் ஒரே டேங்க்!” பெரிய தத்துவமொன்றும் அவளுக்கு அங்கே தோன்றவில்லை. ஆகாயத்தை அவள் பார்க்கவேயில்லை. முழு நேரமும் கீழேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும் வழியில் விமானி தன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவளிடம், தொட்டுப் பார்க்க விருப்பமா என்று கேட்டார். அவள் முன்னாலிருந்த கைபிடியைத்தான் சொன்னார். எனக்கு அந்நேரம் 1994 மார்ச் 23 நினைவில் வந்தது. மொஸ்கோவிலிருந்து ஹொங்கொங் சென்ற எயார்பஸ் விமானத்தில் கப்டன் தனது பிள்ளைகள் இருவரைத் தன்னுடைய இருக்கையில் மாறி மாறி அமர்த்திப் பார்த்தார். தானியங்கி ஓட்டியின் ஒரு பகுதி மகனின் கையால் துண்டிக்கப்பட்டதை யாரும் கவனிக்கவில்லை. சைபீரியாவில் விழுந்து 75 பேர் இறந்தார்கள். ஒரு தகப்பனின் செல்லம். அங்கே எழுபதுக்கும் அதிகமானவர்கள் அந்தச் செல்லத்துக்குச் சம்மதம் கேட்கப்படாமலேயே பின்னால் இருந்தார்கள். இங்கே பின்னால் இருந்தவன் நான் மட்டும். விமானியின் இரண்டு கைகளும் அவருடைய கைபிடியில்தான் இருந்தன. பேத்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவள் ஒரு விரலால் தொட்டுவிட்டு எடுத்துக்கொண்டாள்.

வீட்டில் அந்த அரை மணித்தியாலம் எப்படிப் போனது என்று நான் மகளிடம் கேட்கவில்லை. எங்களுடையது போன்ற ஒரு விமானம் வீட்டுக்கு மேலால் போனதாகவும், உம்மா வெளியே வந்து பார்த்ததாகவும் பேரன் சொன்னான். கட்டிலுக்குக் கீழே ஒளிந்த பிள்ளை நாற்பத்திரண்டு வயதில் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்திருக்கிறாள். அதை நான் எதிர்பார்த்துச் செய்யவில்லை. அவள் பயந்து பார்த்தாளா, வேறு விதமாகப் பார்த்தாளா என்று எனக்குத் தெரியாது. அவளாகச் சொல்லவும் இல்லை.

இப்போது பேரன் கேட்கிறான். தாத்தாவைக் கூட்டிக்கொண்டு போனீங்க, என்னை எப்போது என்று. தாத்தா என்று அவன் சொல்வது அவனுடைய மூத்த சகோதரியை, எங்களூர் வழக்கம். அவனிடமும் ஒற்றை எஞ்சின் என்று சொல்லியிருக்கிறேன். பிளேனின் நிறம் என்ன, ஜன்னல் திறக்கலாமா என்றெல்லாம் கேட்டுவிட்டான். எஞ்சின் நின்றால் என்ன நடக்கும் என்று அவன் இன்னும் கேட்கவில்லை.